முந்திப் பிறந்தவருக்கு முன்னுரிமை

ஜோதிலட்சுமி மனதார முதன்முதலாக ஒருவனைச் சபித்தது 2008 ஜூன் மாதத்தில். சபிக்கப்பட்டவன் பெயர் பத்ரி. அதுவரை அவனை அவள் பார்த்ததே கிடையாது. அவனுடைய மதிப்பெண்களை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

கணக்கில் இருநூறு, இயற்பியலில் நூற்றுத் தொண்ணூற்றாறு, வேதியியலில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. கட் ஆஃப் 198.50. கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், புத்தகத்தைப் புரட்டிவிடும் மின்விசிறியோடு சண்டை போட்டபடி படித்து ஜோதிலட்சுமி வாங்கிய மதிப்பெண்கள் இவை. தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் பட்டாபிராமனின் மகன் பத்ரியும் ஒன்று விடாமல் இவற்றையே வாங்கித் தொலைத்திருந்தான். நாலாவது பாடம் அவளுக்கு உயிரியல், அவனுக்குக் கம்ப்யூட்டர். அதிலும் இரண்டு பேருக்கும் நூற்றுத் தொண்ணூற்றேழு. வேறு பாடத்தில்கூட வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறவனைச் சபிக்காமல் வேறு என்ன செய்வது?

நகரத்தில் இருக்கிற பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு பேருக்குமே இடம் கிடைத்துவிட்டது. பேச்சு அதைப் பற்றியது அல்ல. ராஜகோபால் நினைவுத் தகுதி உதவித்தொகை என்று ஒன்று அங்கே உண்டு. மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஆள். கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று நாலு வருஷத்துக்கும் அதுவே பார்த்துக்கொள்ளும். தாம்பரமும் கோவளமும் அப்போது ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். கிடைத்தால் ஜோதிலட்சுமி இன்ஜினியர். கிடைக்காவிட்டால் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி கேன்டீனில் பில் போடுகிற வேலை தயாராக இருந்தது. அவளுடைய அப்பா லோகு கடலுக்குப் போகிறவர், அம்மா முத்தாலம்மாள் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் மீன் விற்கிறவள். இவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி தெரியவில்லை.

உதவித்தொகைக்கு அதிகாரி துணைப் பதிவாளர் ஸ்ரீநிவாசராகவன். நல்ல மனிதர்தான், ஆனால் தணிக்கை என்ற சொல்லைக் கேட்டால் தண்ணீர் கேட்பார். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் விதியில் இல்லாத ஒரு தும்மல்கூட அவர் தும்மியதில்லை. மதிப்பெண்கள் சமமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ராஜகோபால் அறக்கட்டளையின் பதினாலாவது விதி பதில் சொன்னது: முந்திப் பிறந்தவருக்கு முன்னுரிமை.

இரண்டு பேருடைய சான்றிதழையும் எடுத்துப் பார்த்தார். ஜோதிலட்சுமி பிறந்த தேதி 1.6.1991. பத்ரி பிறந்த தேதி 1.6.1991. உதவியாளர் ஹில்டாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.

இதில் வியக்க ஒன்றுமே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர ஜூன் மாதம் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று சட்டம். குப்பத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், முன்னால் வந்து நின்ற பிள்ளை பென்சிலைப் பிடிக்குமா என்று மட்டும் பார்ப்பார். பிடித்தால் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். ஜோதிலட்சுமியின் வகுப்பில் முப்பத்து நாலு பேர், அதில் இருபத்தாறு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அந்த வருஷம் குப்பத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாப் பெண்களும் சேர்ந்தாற்போல் பெற்றிருக்க வேண்டும்.

பட்டாபிராமன் கதை வேறு. அவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷமாக ஊரார் வயதுச் சான்றுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர். அவர் மகன் பிறந்தது அக்டோபரில். அதற்காக ஒரு வருஷம் வீணாவதா என்று சொந்த மகனை நாலு மாதம் முன்னால் இழுத்து, ஜூன் ஒன்றில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்.

"பிறந்த நேரம் பார்க்கணும்" என்று இரண்டு வீட்டுக்கும் போன் செய்து சொன்னார் ஸ்ரீநிவாசராகவன். "ஆஸ்பத்திரிச் சான்று, இல்லேன்னா வீட்டில் எழுதி வச்ச ஆதாரம் எதாவது. ரெண்டு பேரும் கொண்டாங்க."

ஆஸ்பத்திரிச் சான்று ஜோதிலட்சுமியிடம் இல்லை. பட்டாபிராமனிடம் இருந்தது. ஆனால் அதில் அக்டோபர் இருந்தது. வீட்டில் இருந்த ஜாதகத்திலும் அதே அக்டோபர். ஆக, இரண்டு குடும்பமும் ஒரே முடிவுக்கு வந்தன. புதிதாக ஒரு ஜாதகம் எழுத வேண்டும்.

சேலையூர் மெயின் ரோட்டில் ஒரு தையல்கடை மாடியில் ஜோசியர் இருந்தார். கம்ப்யூட்டர் ஜாதகமும் கணிப்பார், கையாலும் எழுதுவார், கேட்டபடி எழுதித் தருவார் என்று கோவளம்வரை பேர். லோகுவும் முத்தாலம்மாளும் மகளை அழைத்துக்கொண்டு அங்கே போனபோது வாசல் பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே அவனுடைய அப்பா உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீதான் ஜோதிலட்சுமியா?" என்று கேட்டான் பையன்.

"ஆமா. நீ?"

"பத்ரி."

இத்தனை நாள் சபித்த ஆள் இவ்வளவு பாவமாக இருப்பான் என்று அவள் நினைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நான் நிஜமா ஜூன்ல பொறக்கல" என்றான் அவன் மெதுவாக. "நீ?"

"எனக்கு எப்போன்னே தெரியாது. எங்க வூட்ல கேட்டா, பொறந்தியே அது போதாதான்னு கேப்பாங்க."

"எனக்கு இந்த ஸ்காலர்ஷிப் இல்லேன்னாலும் அப்பா கட்டிடுவார். ஆனா விடமாட்டேங்கறார். முப்பது வருஷ சர்வீஸ்ல அவர் க்ளெய்ம் எதுவும் ரிஜெக்ட் ஆனதில்லையாம்."

ஜோசியருக்கு வந்த வேண்டுகோள் இரண்டு தரப்பிலிருந்தும் ஒன்றேதான். ஜூன் ஒன்றாம் தேதியில் எவ்வளவு முன்னால் பிறக்க முடியுமோ அவ்வளவு முன்னால் பிறக்க வேண்டும். பட்டாபிராமன் இரவு பன்னிரண்டு அடித்து ஒரு வினாடி என்று கேட்டிருக்கிறார். ஜோசியர் காதைப் பொத்திக்கொண்டாராம்.

"அது வெள்ளைக்காரன் கணக்கு சார். அவனுக்குப் பாதி ராத்திரியில நாள் பொறக்கும். நம்ம பஞ்சாங்கத்துக்கு சூரியன் உதிச்சாத்தான் நாள். அதுக்கு முன்னாடி பொறந்தா முப்பத்தோராம் தேதி ஆயிடும். பரவாயில்லியா?"

பட்டாபிராமன் பதறிப்போய், சூரியன் தலையை நீட்டுகிற அதே நொடியில் மகனைப் பிறக்க வைத்துவிட்டு இறங்கிப் போனார். உதயத்திலிருந்து எத்தனை நாழிகை கழித்துப் பிறந்தது என்று ஜாதகத்தில் எழுதுகிற இடத்தில் பூஜ்யம். அடுத்த டோக்கன் லோகு. அவருக்கும் அதே விளக்கம், அதே பூஜ்யம். ஜோசியர் தொழில் சுத்தமானவர். ஒருவருக்கு எழுதியதை மற்றவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரண்டு ஜாதகமும் ஸ்ரீநிவாசராகவன் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே கையெழுத்து, ஒரே மஞ்சள், ஒரே பூஜ்யம். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஹில்டா கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சார், பேசாம சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமே" என்றாள்.

"சீட்டுக் குலுக்கினா அதுல தகுதி எங்கேம்மா இருக்கு? இது தகுதி உதவித்தொகை!"

எதிரே இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தன. ஜோதிலட்சுமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு வருஷம் அவள் போட்ட கணக்கெல்லாம், வரைந்த படமெல்லாம், இந்த ஒரு பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. அப்போதுதான் முத்தாலம்மாள் கூடையைத் தூக்கப் போகிறவள்போல் முந்தானையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். ரெண்டு பேரும் சூரியன் வரசொல்ல பொறந்தாங்க. சரி. எந்த ஊரு சூரியன்?"

"ஏம்மா, சூரியன் ஒண்ணுதானே?"

"சூரியன் ஒண்ணுதான் சார். ஆனா அது கடல்லேர்ந்துல்ல வருது? எங்க குப்பத்துக்கு வந்துட்டு, கேளம்பாக்கம், மேடவாக்கம்னு தாண்டிக்கினு அப்பால தான தாம்பரத்துக்குப் போவணும்? எம்பொண்ணு முன்னாடி பொறந்துட்டா சார்."

ஹில்டா கம்ப்யூட்டரில் தேடி, இரண்டு ஊருக்கும் சூரிய உதயத்தில் கிட்டத்தட்ட அரை நிமிஷ வித்தியாசம் இருப்பதாகச் சொன்னாள். ஸ்ரீநிவாசராகவன் முகத்தில் முதன்முதலாக வெளிச்சம் வந்தது. அரை நிமிஷம் என்பது அளக்கக்கூடிய விஷயம். அளக்கக்கூடியதைத் தணிக்கை ஒன்றும் செய்ய முடியாது.

"ஒத்துக்க மாட்டேன்" என்று எழுந்தார் பட்டாபிராமன். "என் பையன் பொறந்த நர்சிங் ஹோம்ல பிரசவ வார்டு மூணாவது மாடி. உயரத்துலேர்ந்து பார்த்தா சூரியன் சீக்கிரம் தெரியும். இது சயின்ஸ் சார்! இந்தம்மா கடல்மட்டத்துல பெத்திருக்கா. உயரத்தைக் கணக்குல எடுத்துக்கணுமா வேண்டாமா?"

"இன்னா சார், புள்ள பெக்கறதுக்கு மாடி ஏறினா மார்க் போடுவீங்களா?" என்றாள் முத்தாலம்மாள்.

ஆனால் ஸ்ரீநிவாசராகவன் அதையும் குறித்துக்கொண்டார். கள ஆய்வு என்று முடிவானது. சனிக்கிழமை விடிகாலை அவர் குப்பத்துக் கடற்கரையில் நிற்பார். ஹில்டா சேலையூரில் நிற்பாள். அந்த நர்சிங் ஹோமை இடித்து எப்போதோ ஃப்ளாட் கட்டிவிட்டார்கள் என்பதால், அதே உயரமுள்ள பட்டாபிராமன் வீட்டு மொட்டைமாடி. யாருக்குச் சூரியன் முதலில் தெரிகிறதோ அவருடைய பிள்ளை மூத்தது. தேர்வானவர் அடுத்த திங்கட்கிழமை விடுதியில் சேர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உதவித்தொகை ரத்து.

சனிக்கிழமை ஐந்து மணிக்கே ஸ்ரீநிவாசராகவன் ஆட்டோவில் வந்து இறங்கினார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்து, ஒரு கையில் கோப்பும் இன்னொரு கையில் ரப்பர் ஸ்டாம்ப்பும் வைத்துக்கொண்டு மணலில் நின்றார். குப்பமே திரண்டு வந்துவிட்டது. சூரியன் வருவதைப் பார்க்க பேன்ட் போட்ட ஒருவர் சர்க்கார் செலவில் வந்திருக்கிறார் என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள்? பக்கத்து வீட்டுப் புஷ்பம் அவருக்கு உட்கார ஐஸ் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். லோகு மட்டும் இல்லை. மீன் ஸ்காலர்ஷிப்புக்காகக் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் கடலுக்குப் போய்விட்டார்.

ஸ்ரீநிவாசராகவன் செல்போனில் ஹில்டாவைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"வந்துடுத்து! சூரியன் வந்துடுத்து!" என்று பட்டாபிராமன் குரல் அலறியது. மணி ஐந்து முப்பது.

"சார், அது மீனம்பாக்கத்துல இறங்குற விமானம் சார்" என்றாள் ஹில்டா களைப்பாக. "இதோட மூணாவது தடவை."

ஜோதிலட்சுமி கடலைப் பார்த்தபடி நின்றாள். பிறந்ததிலிருந்து தினமும் எழுந்து வருகிற சூரியன். ஒருநாளும் அவள் அதை அவசரப்படுத்தியதில்லை. இன்றைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடேன் என்று வாய்விட்டே கெஞ்சினாள். கிழக்கே கடல் விளிம்பில் மேகம் ஒன்று நீளமாகப் படுத்துக் கிடந்தது. ஐந்து நாற்பத்தைந்து ஆனது. மேகம் நகரவில்லை. புஷ்பம் அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

"சார்" என்றாள் ஹில்டா. "இங்க தெரியுது சார். மேகத்துக்கு மேல சிவப்பா ஒரு கீத்து. இந்தத் தடவை நானே பார்த்தேன். மணி ஐந்து நாற்பத்தாறு, பத்து செகண்ட்."

போனில் அவளுக்குப் பின்னால் பட்டாபிராமன் கைதட்டுவது கேட்டது. கடற்கரையில் இன்னும் சாம்பல் நிறம்தான். முப்பது செகண்ட் கழித்துத்தான் குப்பத்துக்கு அந்தச் சிவப்பு வந்தது. முப்பது செகண்டில் ஜோதிலட்சுமி சிறுசேரி கேன்டீனுக்குப் போய், பில் மெஷின் முன்னால் உட்கார்ந்து, ரெண்டு இட்லி ஒரு வடை என்று அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஸ்ரீநிவாசராகவன் வருத்தத்தோடுதான் பேனா மூடியைத் திறந்தார்.

"நில்லு சார்" என்றாள் முத்தாலம்மாள்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு சுற்றி நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எம்பொண்ணு கரையில பொறக்கல சார். கடல்ல பொறந்தா."

"என்னம்மா சொல்றே?"

"எனக்கு வலி கண்டுச்சு. ஊர் முச்சூடும் வெள்ளம். ரோடு அறுத்துக்கினு பூட்ச்சு, வண்டி ஒண்ணுங்கூட இல்ல. இவங்கப்பா என்ன தூக்கிப் படகுல போட்டுக்கினு, திருவான்மியூர் ஆஸ்பத்திரிக்கு கடலாலயே போயிடலாம்னு தள்ளிக்கினு பூட்டாரு. பாதி வழியில பொறந்துட்டா. அப்போதான் சார் சூரியன் வந்துச்சு, இவ மூஞ்சிலதான் அடிச்சுது. வலை அறுக்கற கத்தியாலதான் கொடிய அறுத்தோம். ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு அப்டியே திரும்பி வந்து, வூட்ல பொறந்துச்சுன்னு சொல்லிட்டோம்."

பெண் ஏறினாலே படகு பாழ் என்று சொல்லுகிற ஊர் அது. அதில் பிள்ளை பெற்றேன் என்கிறாள் ஒருத்தி. புஷ்பம் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோதிலட்சுமி அம்மாவையே பார்த்தாள். பதினேழு வருஷமாக அவளிடம்கூடச் சொல்லாத விஷயம்.

ஸ்ரீநிவாசராகவன் அதிகாரி அல்லவா, சட்டென்று சுதாரித்துக்கொண்டார். கடலில் பிறந்தது என்றால் கடலில் அல்லவா உதயம் பார்க்க வேண்டும்? லோகுவின் நம்பரை வாங்கி ஹில்டாவோடு சேர்த்து அதையும் இணைத்தார். நனையாமலிருக்கப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போனில் லோகு கத்தினார்.

"சூரியனா? அது எப்பவோ வந்துடுச்சே சார்!"

"எப்பவோன்னா? மணி சொல்லுங்க. நொடி வேணும்."

"நொடிக்கு நா எங்க போறது? ரேடியோல பக்திப் பாட்டு முடிஞ்சு, டொய்ங்னு அடிச்சு செய்தி ஆரம்பிச்சான் பாரு, அப்போ வந்துச்சு. நா கும்பிட்டேன்."

"அஞ்சே முக்கால் செய்தி" என்றார் ஸ்ரீநிவாசராகவன். கோப்பில் எழுதிக்கொண்டார். "ஐந்து நாற்பத்தைந்து, பூஜ்யம் செகண்ட். அரசாங்க நேரம்!"

"பொய் சார்!" என்று போனிலிருந்து பட்டாபிராமன் பாய்ந்தார். "ஊரெல்லாம் வெள்ளம்னு சொல்றாளே, ஜூன் ஒண்ணாம் தேதி எந்த ஊர்ல சார் வெள்ளம் வரும்? அடைமழை ஐப்பசியிலன்னா வரும்! வயசுச் சான்று பார்க்கறதுல எனக்கு முப்பது வருஷ அனுபவம். இந்தப் பொண்ணு ஜூன்ல பொறக்கவே இல்ல. தேதியே பொய்!"

அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை என்று ஜோதிலட்சுமிக்கே தெரிந்தது.

அப்போது பட்டாபிராமனின் மனைவி காமு பேசினாள். அவள் கணவர் காதோடுதான் சொன்னாள். ஒலிபெருக்கிக்கு அது தெரியாது.

"ஐப்பசி ஐப்பசின்னு ஏன் கத்தறேள்? அந்த ஐப்பசிக்குத்தானே நம்மாத்துலயும் குழந்தை பொறந்தது? அவா தேதியைக் கிளறினா நம்மளுதும் சேர்ந்து வெளியில வரும். பேசாம வாயை மூடிண்டு உள்ளே வாங்கோ."

"விடுங்கோப்பா" என்றது பத்ரியின் குரல்.

பட்டாபிராமன் வாய் திறந்த சத்தம் கேட்டது. மூடிய சத்தமும் கேட்டது. கடற்கரையில் எல்லோரும் ஸ்ரீநிவாசராகவனையே பார்த்தார்கள். அவர் எதையும் கேட்காதவர் போல ராஜகோபால் அறக்கட்டளை விதிகளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"விதியில் மழையைப் பற்றி ஒன்றும் இல்லை" என்றார்.

ஐஸ் பெட்டியின் மேல் கோப்பை வைத்து, பிறந்த இடம் என்ற கட்டத்தில் கடல் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, ஓங்கி ஒரு ஸ்டாம்ப் குத்தினார். உதவித்தொகை ஜோதிலட்சுமிக்கு. பிறகு ஆட்டோவில் ஏறி, யாரும் எதுவும் யோசிப்பதற்குள் போய்விட்டார்.

ஜோதிலட்சுமி அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடினாள். புஷ்பம் நடுவில் வந்து கையை நீட்டித் தடுத்தாள்.

"தொடாதம்மா. தீட்டு."

பத்து மணிக்கு ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. காலையில் ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள் இப்போது அவரைவிட இறுக்கமான முகத்தோடு உட்கார்ந்தார்கள். படகில் பிள்ளை பெற்றிருக்கிறாள், அந்தத் தீட்டு கழிக்கப்படவில்லை. பதினேழு வருஷம் ஆகிவிட்டதே என்றார் கரைக்கு வந்து சேர்ந்த லோகு. செல்லாது என்றார்கள். தூரத்தில் ஒரு சாவு நடந்து சேதி பிந்தி வந்தால், சேதி வந்த நாளிலிருந்துதானே தீட்டு எண்ணுகிறோம்? பிறப்புக்கும் அதே சட்டம்தான். ஊருக்குச் சேதி வந்தது இன்றைக்கு, ஆகவே முத்தாலம்மாள் பிள்ளை பெற்றது இன்றைக்கு. படகை மஞ்சள்தண்ணி விட்டுக் கழுவ வேண்டும். தாய்க்குப் பதினாறு நாள், பிள்ளைக்குப் பதினாறு நாள். இரண்டு பேரும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தனியாக உட்கார வேண்டும். வெளியே போகக் கூடாது.

"திங்கக்கிழமை ஹாஸ்டல்ல சேரணும்!" என்று கத்தினாள் ஜோதிலட்சுமி. "இல்லேன்னா கேன்சல் ஆயிடும்! பதினேழு வருஷமா இந்த ஊர் பூரா நடந்துக்கினுதான இருக்கேன்? யாருக்கு இன்னா ஆச்சு?"

"அப்போ எங்களுக்குத் தெரியாது. இப்போ தெரியும்" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

அவளுக்கு வந்த கோபத்தில் அந்த ரூல் புக்கையும் இந்த ஊரையும் ஒன்றாகக் கட்டிக் கடலில் போட்டிருப்பாள். பல்கலைக்கழகம் அவளைச் சூரியனுக்காகத் தேர்ந்தெடுத்தது, ஊர் அவளைப் பச்சைக் குழந்தையாக்கிக் கொட்டகையில் போடுகிறது. அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

முத்தாலம்மாள் தூரத்தில் நின்றபடி கேட்டாள்.

"தலைவரே, ரெண்டு பேரு தீட்டையும் ஒரே ஆளு குந்தக்கூடாதுன்னு சட்டம் எதனா கீதா?"

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். அப்படி ஒரு சட்டத்தை யாரும் கேள்விப்பட்டதில்லை.

"அப்போ அவளோடதையும் சேத்து நானே குந்திக்கறேன். பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. அவ போவட்டும்."

விவாதித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், ஒத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை ஜோதிலட்சுமி பையோடு கொட்டகைக்குப் போனாள். முத்தாலம்மாள் தனிப்பாய், தனித்தட்டு, தனிச்சொம்போடு காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலியோரம் புஷ்பமும் இன்னும் நாலு பெண்களும் காவல் மாதிரி நின்றார்கள்.

"எதுக்கு அழுவற?" என்றாள் முத்தாலம்மாள். "கூடை தூக்காம ஒருநாள் குந்தினு இருந்திருக்கனா நானு? ஒரு மாசம் ரெஸ்ட்டு. நீ பஸ்ஸ வுட்டுடாத."

"ஏன்மா என்கிட்டகூட சொல்லல?"

"சொன்னா உங்கப்பன் படகுல எவன் ஏறுவான்? எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்னு இருந்தேன். காலையில சூரியன் வரசொல்ல எல்லாம் உன் மொகந்தான் தெரியும் எனக்கு."

ஜோதிலட்சுமி பையைக் கீழே போட்டாள். வாசலில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி உள்ளே போய், அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"ஐயையோ, தொட்டுட்டாளே!" என்று வேலியிலிருந்து புஷ்பம் அலறினாள். "இனி மொதல்லேர்ந்து எண்ணணுமே! இன்னும் பதினாறு நாள் ஆச்சே!"

"கத்தாத புஷ்பம்" என்றாள் முத்தாலம்மாள், மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே. "அதையும் எம்பேர்ல போட்டுக்க."

ஜோதிலட்சுமி எழுந்தாள், பையை எடுத்தாள், நாலு எட்டு நடந்தாள். பிறகு பையைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து இன்னொரு தடவை கட்டிக்கொண்டாள்.